எதிரி வீட்டுப் பிள்ளை

சித்திரப் படம் என்று சொன்னதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் எலியைத் துரத்தும் பூனையும், தொப்பியணிந்த வாத்துமே வந்து நிற்கும். நானும் நெடுநாளாக அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். வரைந்த உருவம் சிரிக்கலாம், குதிக்கலாம், மலையுச்சியிலிருந்து விழுந்து அப்பளம்போலத் தட்டையாகி, மறுகணம் எழுந்து ஓடலாம். ஆனால் அதற்குச் சாவில்லை. சாவில்லாத ஒன்றுக்காக எவரும் அழுவதில்லை என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை ஒரு மாலைப்பொழுதிலே மாற்றிவிட்ட படம் ஒன்றைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். அதனை என் அருகிலிருந்து பார்த்த என் பெரியப்பாவைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது. அவர் அருகில் இல்லாதிருந்தால் அந்தப் படம் எனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

2016 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறைக்குத் திருகோணமலைக்குச் சென்றிருந்தேன். “சேர், இதைக் கட்டாயம் பாருங்கோ” என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கையிலே திணித்துவிட்ட இறுவட்டு ஒன்று பையில் இருந்தது. பெரியப்பாவுக்கு அப்போது வயது 82. மாலைத் தேநீர் அருந்திவிட்டுச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். படம் யப்பானிலே தயாரானது என்றும், யுத்தத்தைப் பற்றியது என்றும் நான் சொன்னவுடன் அவருடைய முகம் மாறிவிட்டது.

“சண்டையைப் பற்றி யப்பான்காரன் எங்களுக்குக் கதை சொல்லப் போறானோ? அவன் போட்ட குண்டின்ர சத்தம் இன்னும் என்ர காதுக்குள்ள கிடக்குது, தம்பி” என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சன்று. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, ஈஸ்ரர் ஞாயிறன்று, யப்பானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, 9 ஆம் திகதி காலையில், அவை திருகோணமலைக்கு வந்தன. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றி எரிந்தது. அன்று பெரியப்பாவுக்கு எட்டு வயது. தகப்பனார் துறைமுகத்து வேலையிலே நிற்க, தாயார் அவரையும் நான்கு வயதுத் தங்கையையும் அழைத்துக்கொண்டு மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் இருந்த உறவினர் வீட்டுக்கு ஓடினார். அதே ஆண்டிலே பர்மாவும் யப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த அரிசியை நம்பியிருந்த இலங்கையிலே அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. ஓடிப்போனவர்கள் அந்த வீட்டிலே ஆறு மாதம் இருந்தார்களாம். இவ்வளவும் எனக்குச் சிறு வயது முதலே கேட்டுப் பழகிய கதை. அதிலே சொல்லப்படாத ஒரு பகுதி இருந்தது என்பதை அன்றுவரை நான் அறியேன்.

“சரி, போடு, பார்ப்பம்” என்றார் பெரியப்பா.

படம் பிறந்த வரலாறு

யப்பானிய மொழியில் ‘ஹொத்தாரு நோ ஹாக்கா’ என்பது படத்தின் பெயர். ‘மின்மினிகளின் கல்லறை’ என்று தமிழிலே சொல்லலாம். 1967 இல் அக்கியூக்கி நொசாக்கா என்ற எழுத்தாளர் இதே பெயரில் எழுதிய கதை, யப்பானின் பெரும் இலக்கியப் பரிசுகளில் ஒன்றான நவோக்கிப் பரிசை அடுத்த ஆண்டிற் பெற்றது. அதனை இசாவோ தகாஹாத்தா என்னும் நெறியாளர் ஸ்ரூடியோ ஜிப்லியிலே சித்திரப் படமாக்கினார். 1988 ஏப்ரல் 16 ஆம் திகதி அது வெளியாயிற்று. அன்று ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டப்பட்டன. மற்றையது ஹயாவோ மியாசாக்கியின் ‘என் அயலவன் டொட்டோரோ’. காட்டிலே வாழும் பருத்த பூதமொன்றோடு இரு சிறுமியர் நட்புக்கொள்ளும் இனிய கதை அது. மடியிலே பிள்ளையை வைத்துக்கொண்டு வந்த பெற்றோர் ஒரே இருக்கையில் இரு உலகங்களைக் கண்டிருப்பார்கள்.

நெறியாளர் தகாஹாத்தா கேள்வி ஞானத்தால் இதனை எடுத்தவரல்லர். 1945 யூன் 29 ஆம் திகதி ஒக்காயாமா நகரம் தீக்குண்டுகளால் எரிந்தபோது அவர் ஒன்பது வயதுச் சிறுவன். குடும்பத்தாரைப் பிரிந்து, உறக்க உடையோடும் வெறுங்காலோடும் உடன்பிறந்தாளுடன் தெருத்தெருவாக ஓடித் தப்பியவர். படத்திலே குண்டு எப்படி விழுகிறது, எரியும் தெருவிலே காற்று எப்படி வீசுகிறது என்பவற்றை அவருடைய கால்களும் அறிந்திருந்தன.

பேணியும் அமுதசுரபியும்

கதை முடிவிலிருந்தே தொடங்குகிறது. 1945 செப்டெம்பர் 21 ஆம் திகதி இரவு தான் இறந்ததாக ஒரு சிறுவனின் ஆவி நமக்குச் சொல்கிறது. இடம் கோபே நகரத்தின் சன்னொமியா புகையிரத நிலையம். தூணொன்றிற் சாய்ந்தபடி எலும்புந் தோலுமாக ஒரு பையன் கிடக்கிறான். போவோர் வருவோர் விலகி நடக்கின்றனர். நிலையத்தைத் துப்புரவு செய்பவன் பையனிடமிருந்த பழைய இனிப்புப் பேணியொன்றை எடுத்துப் பார்த்து, அதனை வெளியே புல்லுக்குள் வீசிவிடுகிறான். மூடி கழன்று சிறு எலும்புத் துண்டுகள் சிந்துகின்றன. அந்த இடத்திலிருந்து மின்மினிகள் எழுகின்றன. மின்மினிகளின் நடுவே நான்கு வயதுச் சிறுமியொருத்தி நிற்கிறாள்.

ஆகவே பார்ப்பவருக்கு ஐயம் எதுவும் இல்லை. அண்ணன் செயிட்டாவும் தங்கை செட்சுக்கோவும் இறந்துவிட்டார்கள். தப்புவார்களா என்ற பதைப்பை நெறியாளர் முதல் ஐந்து நிமிடத்திலேயே நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறார். இனி நமக்கு எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: இது எப்படி நடந்தது?

அந்தப் பேணியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சக்குமா என்ற பெயருடைய பழவினிப்பு அதிலே இருந்தது. தங்கை அழும்போதெல்லாம் அண்ணன் ஓர் இனிப்பை அவள் கையிற் கொட்டுவான். இனிப்புகள் தீர்ந்ததும் பேணிக்குள் நீரை ஊற்றிக் குலுக்கி, ஒட்டியிருந்த சுவையையெல்லாம் சேர்த்துக் கொடுப்பான். கடைசியிலே அந்தப் பேணிக்குள் அவளுடைய சாம்பலே போய்ச் சேருகிறது. மணிமேகலை மணிபல்லவத்திலே பெற்ற அமுதசுரபியை வகுப்பிலே பல ஆண்டு படிப்பித்தவன் நான். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. இந்தப் பேணியைக் கண்ட பின்னரே அந்தக் காப்பியப் புலவன் எவ்வளவு பெரிய பசியைக் கண்டிருந்தால் அப்படியொரு பாத்திரத்தைக் கனவு கண்டிருப்பான் என்று எண்ணினேன். (அந்தச் சிவப்புப் பேணியைச் செய்துவந்த நிறுவனம் 2023 சனவரியில் மூடப்பட்டது. படம் பார்த்த பலர் வீட்டிலே அந்தப் பேணி இன்னும் இருக்கக்கூடும்.)

1945 யூன் 5 ஆம் திகதி காலை. பி-29 விமானங்கள் கோபே நகரத்தின்மீது தீக்குண்டுகளைச் சொரிகின்றன. பெரும்பாலும் மரத்தாலும் கடதாசியாலுமான வீடுகள் நிறைந்த நகரம் அது. தந்தை கடற்படை அதிகாரி. எங்கோ கடலில் இருக்கிறார். தாய் இருதய நோயாளி. முன்னே காப்பிடத்துக்குப் போகிறாள். செயிட்டா தங்கையை முதுகிலே கட்டிக்கொண்டு ஓடுகிறான். தீ ஓய்ந்தபின் பாடசாலைக் கட்டடமொன்றிலே தாயைக் காண்கிறான். உடல் முழுவதும் துணி சுற்றப்பட்டு, இரத்தம் கசிந்து, அடையாளமே இல்லாமற் கிடக்கிறாள். பின்னர் அவள் இறந்துபோகிறாள்.

இங்கு வரும் காட்சியொன்றை நான் மறவேன். பாடசாலை முற்றத்திலே தங்கை குந்தியிருந்து அம்மாவிடம் போகவேண்டுமென்று அழுகிறாள். பதினான்கு வயதுப் பையனுக்கு அவளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அங்கே தேகப்பயிற்சிக்கான இரும்புச் சட்டமொன்று நிற்கிறது. அதைப் பிடித்துச் சுழலத் தொடங்குகிறான். ஒருமுறை, இருமுறை, பலமுறை சுழல்கிறான். “பார், நான் எவ்வளவு கெட்டிக்காரன்” என்பது போல. அவளோ பார்க்கவில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள். தூரத்திலிருந்து இருவரையும் சிறியவர்களாகக் காட்டிவிட்டு நெறியாளர் சும்மா இருந்துவிடுகிறார். இசை கொண்டோ, முகத்தை அருகே காட்டியோ நம்மை அழவைக்க முயலவில்லை. துக்கத்தைச் சொல்லத் தெரியாத வயதுக்குத் துக்கம் வந்தால் அது இப்படித்தான் இருக்கும்.

அகப்பை

பிள்ளைகள் நிஷினொமியாவிலே உறவுக்காரப் பெண்ணொருத்தியின் வீட்டில் அடைக்கலம் புகுகிறார்கள். முதலில் ஆதரவு இருக்கிறது. செயிட்டா கொண்டுவந்த உணவுப் பொருள்கள் தீரத் தீர அந்த ஆதரவும் தீர்கிறது. இறந்த தாயின் பட்டாடைகளை விற்று அரிசி வாங்குகிறார்கள். அந்த ஆடைகளைக் கண்டதும் அம்மாவின் உடுப்பைக் கொடுக்கவேண்டாமென்று சிறுமி கதறுகிறாள். அரிசி வருகிறது, வந்த அரிசியில் வேலைக்குப் போகும் தன் மகளுக்கும் வீட்டில் வாடகைக்கு இருப்பவனுக்கும் சோற்றுருண்டை பிடிக்கும் அந்த மாது, பிள்ளைகள் இருவருக்கும் மேலாக ஓடும் கஞ்சியை வார்க்கிறாள். நாட்டுக்காக உழைப்பவர்க்கே சோறு என்பது அவள் நியாயம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நம்மவர் சொல்வர். அந்த வீட்டிலே சட்டியில் இருந்தது. அகப்பைதான் ஆளைப் பார்த்து இறங்கிற்று.

“பாவி!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த மனுசியை ஏசாதை. பிறத்தியார் பிள்ளைக்குச் சோறு போடுறது லேசில்லை. நாங்கள் இருந்த வீட்டிலயும் அந்த மாமி முணுமுணுத்தவதான். முணுமுணுத்தாலும் வார்த்தவ” என்றார்.

ஏச்சைத் தாங்க முடியாத செயிட்டா, தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறிக் குளக்கரையிலே கைவிடப்பட்டிருந்த பதுங்குகுழி ஒன்றில் குடியேறுகிறான். முதல் இரவு அவர்களுக்கு அரசமாளிகை கிடைத்தது போல. மின்மினிகளைப் பிடித்துவந்து நுளம்புவலைக்குள் விடுகிறார்கள். அந்தச் சிறு வெளிச்சங்கள் அண்ணனுக்கு முன்னொரு நாள் கண்ட கடற்படை அணிவகுப்பை நினைவூட்டுகின்றன. விளக்குகளோடு மிதக்கும் போர்க்கப்பல்கள்; அவற்றிலொன்றிலே தந்தை.

சாய்மனைக் கதிரையின் கையிலே பெரியப்பா தட்டினார். “இவங்கள்தான்! இந்தக் கப்பல்காரங்கள்தான்!” என்றார். குரல் நடுங்கிற்று. படத்தை நிறுத்திவிடுவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையால் காட்டினார்.

காலையில் மின்மினிகள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. சிறுமி சிறு குழியொன்று தோண்டி அவற்றைப் புதைக்கிறாள். அம்மாவும் குழிக்குள்ளேதான் இருக்கிறாள் என்று தனக்குத் தெரியும் என்கிறாள், உறவுக்காரி சொல்லிவிட்டாளாம். இதுவரை மறைத்து வைத்திருந்த அண்ணன் அப்போதுதான் அழுகிறான். மின்மினி ஏன் இவ்வளவு விரைவிற் சாகிறது என்பது அவள் கேள்வி. அதற்கு அவன் மறுமொழி சொல்லவில்லை.

அதன்பின் கதை சரிவிலே உருளும் கல்போல இறங்குகிறது. தோட்டத்திலே களவெடுத்து அடிபடுகிறான். விமானத் தாக்குதல் நேரத்தில் வெறுமையான வீடுகளுக்குள் புகுந்து பொருள் எடுக்கிறான். வைத்தியர் தங்கையைப் பார்த்துவிட்டுப் போசாக்கு வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். அது எந்தக் கடையில் இருக்கிறதென்று அந்தப் பையன் கத்துகிறான். வங்கியிலே தாயின் பணம் 7000 யென் கிடக்கிறது. வாங்கச் சோறு இல்லை. பணம் எடுக்கப்போன இடத்திலேதான், யுத்தம் முடிந்துவிட்டதென்றும் யப்பான் சரணடைந்துவிட்டதென்றும் கடற்படை முழுவதும் மூழ்கிற்றென்றும் கேள்விப்படுகிறான். தந்தையின் கப்பலென்று படம் காட்டும் ‘மாயா’, வரலாற்றில் 1944 ஒக்டோபர் 23 ஆம் திகதியே கடலின் அடிக்குப் போய்விட்ட கப்பல். பையன் தந்தைக்கு எழுதிய கடிதங்களெல்லாம் இல்லாத கப்பலொன்றுக்குப் போனவை.

திரும்பி வந்தபோது தங்கை விளையாட்டுக் கண்ணாடிக் காய் ஒன்றை இனிப்பென்று எண்ணி வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருக்கிறாள். மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள். அவன் வத்தகப்பழத் துண்டொன்றை அவள் வாயில் வைக்கிறான். அவள் உறங்குகிறாள், பின்னர் விழிக்கவில்லை. நொசாக்காவின் கதையில் அவள் இறக்கும் நாள் ஆகஸ்ட் 22. யுத்தம் முடிந்து ஏழாம் நாள். குண்டு போடும் விமானம் அப்போது வானில் இல்லை.

கதையிலே இன்னொரு திகதியும் உண்டு. போரால் அநாதைகளான பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கான திட்டத்தை யப்பானிய அரசு தீர்மானித்தது 1945 செப்டெம்பர் 20 ஆம் திகதி. செயிட்டா இறந்தது மறுநாள் இரவு. ஆசிரியர் இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்துவிட்டு மேலே ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1948 இல் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கின்படி பெற்றோரற்ற பிள்ளைகள் 1,23,000 இற்கும் மேல்.

கோட்டின் நிறம்

கலை நுணுக்கங்களைப் பற்றி விரிவாக எழுத நான் வல்லவனல்லன். ஆயினும் மாணவர் கவனிக்கத்தக்கவை சில உள. சித்திரப் படங்களிலே உருவங்களின் எல்லைக்கோடு வழமையாகக் கறுப்பாக இருக்கும். இப்படத்திலே பெரும்பாலும் மண்ணிறக் கோடு. அதனால் பிள்ளைகளின் உடல் வெட்டி ஒட்டியதுபோல நில்லாமல் சூழலோடு கலந்து, தசையும் சூடும் உள்ளதாகத் தோன்றுகிறது. ஆவிகளாக வரும்போது இருவரும் செந்நிற ஒளியிலே தோய்ந்து நிற்கிறார்கள். தங்கைக்குக் குரல் கொடுத்தவள் ஐந்தாறு வயதுச் சிறுமியொருத்தி. வரைந்த வாயசைவுக்கு ஏற்பப் பேசுவது அத்தகைய பிள்ளைக்குக் கடினமென்று, அவள் பேச்சை முதலிற் பதிவுசெய்து, பின்னர் அதற்கேற்ப வரைந்தார்கள். அதனாலேதான் அவளுடைய கொஞ்சலிலும் சிணுங்கலிலும் நடிப்பின் வாடை இல்லை.

பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. யப்பானியத்திலே மின்மினிக்கு வழமையாக ஒரே எழுத்துக் குறி. நொசாக்கா அதனை விடுத்து, ‘தீ’ என்னும் குறியையும் ‘தொங்கு, சொட்டு’ என்னும் பொருள்தரும் குறியையும் சேர்த்து எழுதினார். ஒலியில் மின்மினி, எழுத்திலே வானத்திலிருந்து சொட்டும் நெருப்பு. நம் புலவர் சிலேடை என்பர். இது விளையாட்டுக்கு எழுதிய சிலேடையன்று.

குற்றவாளி யார்?

விடுமுறை முடிந்து வந்தபின் உயர்வகுப்பு மாணவருக்கு இப்படத்தைக் காட்டினேன். முடிந்ததும் வாதம் எழுந்தது. உறவுக்காரியே கொலைகாரி என்றனர் சிலர். மாணவியொருத்தி எழுந்து, “அண்ணன்தான் பிழை, சேர். அவன் ரோசத்தை விட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் தங்கச்சி தப்பியிருப்பாள்” என்றாள். வகுப்பு ஒருகணம் அமைதியாயிற்று.

அவள் சொன்னதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இது வெறும் யுத்த எதிர்ப்புப் படமன்று என்று தகாஹாத்தாவே பலமுறை சொல்லியிருக்கிறார். ஊரையும் உறவையும் உதறிவிட்டு இருவர் மட்டும் தமக்கென ஓர் உலகம் அமைக்க முயன்று தோற்ற கதையாகவும் அவர் இதனைக் கண்டார். சகிக்க முடியாததைச் சகியாமல் விலகிப்போகும் இக்கால இளைஞரின் சாயல் செயிட்டாவில் இருப்பதாகவும் அவர் எண்ணினார். ஆனால் பதினான்கு வயதுப் பையனிடம் ஒரு குடும்பத்தையே தாங்கும் விவேகத்தை எதிர்பார்க்கவேண்டிய நிலை எப்படி வந்தது? ரோசம் எல்லாப் பையன்களுக்கும் உண்டு. சாதாரண காலத்திலே அதற்கு விலை ஒருவேளைச் சாப்பாடு. இரவு பசித்தால் குசினிக்குள் வந்துவிடுவான். அந்த மாதும் சாதாரண காலத்தில் சற்று வாய்நீண்ட ஓர் அயல்வீட்டுக்காரியாகவே இருந்திருப்பாள். நம் வீட்டிலும் தெருவிலும் உள்ள சிறு குறைகளைக்கூட யுத்தம் கொலைக் கருவிகளாக்கிவிடுகிறது. மாணவரிடம் இதனையே சொன்னேன். அந்த மாணவி முழுமனத்தோடு ஒப்புக்கொண்டாள் என்று சொல்லமாட்டேன்.

இப்படத்தின்மீது வேறொரு குற்றச்சாட்டும் உண்டு. யப்பானியப் பிள்ளைகள் பட்ட துன்பத்தைக் காட்டும் படம், யப்பானியப் படைகள் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் பிறர் பிள்ளைகளுக்குச் செய்ததைக் காட்டவில்லையே என்பது அது. பெரியப்பா கதிரையிலே தட்டியதும் அதே குற்றச்சாட்டுத்தான். அதிலே உண்மை இருக்கிறது. கடற்படை அணிவகுப்பைக் கண்டு பெருமிதம் கொள்ளும் அந்தப் பையன், அக்கப்பல்கள் எங்கே போய் என்ன செய்தன என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவனுக்கு எவரும் சொல்லவுமில்லை. ஆனால் நான்கு வயதுச் செட்சுக்கோ எந்தக் கப்பலை அனுப்பினாள்? 1951 செப்டெம்பரிலே சான்பிரான்சிஸ்கோ சமாதான மகாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராகச் சென்ற ஜே. ஆர். ஜயவர்த்தனா, பகை பகையால் தணியாது என்ற புத்தபிரானின் போதனையை எடுத்துச் சொல்லி, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கேளாது என்று அறிவித்தார். அரசுகள் அப்படி மேடையிலே மன்னித்துவிடலாம். மனிதர் மன்னிப்பதற்கு அதைவிடக் கூடிய காலம் எடுக்கிறது.

எழுதியவரின் கடன்

அன்றிரவு படம் முடிந்ததும் பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. இறுதிக் காட்சியில் இரு பிள்ளைகளின் ஆவிகளும் குன்றொன்றிலே அமர்ந்து, ஒளி நிறைந்த இன்றைய கோபே நகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர் அந்தத் திரையை வெறித்துப் பார்த்தபடி இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு நாலு வயசு” என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டார்.

மறுநாட் காலை, வேப்பமரத்தடியிலே இருந்தபோது, கதையை எழுதிய நொசாக்காவின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். கோபே எரிந்த அந்த யூன் 5 இல், தம்மை வளர்த்த தந்தையை இழந்தவர் நொசாக்கா. அவருக்கும் அப்போது பதினான்கு வயது. ஒன்றரை வயதுகூட நிரம்பாத தங்கை ஒருத்தி அவர் பொறுப்பில் இருந்தாள். யுத்தம் முடிந்த அதே ஆகஸ்ட் மாதத்தில், ஃபுக்குயி என்னும் இடத்திலே அவள் பசியால் இறந்தாள். கதையிலே வரும் அண்ணன்போல் தாம் அவ்வளவு அன்பாக இருக்கவில்லை என்று நொசாக்கா பின்னர் வெளிப்படையாக எழுதினார். பசி தாங்காமல் அவளுக்குரிய உணவைத் தாம் உண்டதையும், அவள் அழுகையை நிறுத்தத் தலையில் அடித்ததையும் மறைக்கவில்லை. தாம் செய்யத் தவறியவற்றையெல்லாம் கற்பனையிலே செயிட்டாவைக் கொண்டு செய்வித்தார். ஒவ்வோர் இனிப்பும், நுளம்புவலைக்குள் விட்ட ஒவ்வொரு மின்மினியும் கொடுக்கப்படாத கடனின் தவணைகள். தப்பிப் பிழைத்த தம்மையும் கதையிலே சாகவைத்தார். 2015 டிசெம்பரில், 85 ஆம் வயதில், நொசாக்கா காலமானார். கடன் தீர்ந்ததென்று அவர் எண்ணியிருப்பாரென நான் நினைக்கவில்லை.

பெரியப்பா நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் மெல்லச் சொன்னார்:

“மாமி எங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டு சிரட்டையில கஞ்சி வார்ப்பா. அம்மா கிணத்தடிக்குப் போனாப் பிறகு, தங்கச்சியின்ர சிரட்டையை எடுத்து அடியில கிடக்கிற சோத்தை நான் குடிச்சிருக்கிறன். ஒருநாள் இல்லை, கனநாள். அவள் அழுவாள். வெளியில சொல்லத் தெரியாது.”

எழுபத்துநான்கு ஆண்டுகளாக அவர் எவருக்கும் சொல்லாதது அது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்ற பழமொழியைச் சொல்லி ஆறுதல்படுத்த நினைத்தேன். வாய் வரவில்லை. யப்பான்காரனின் குண்டுச் சத்தத்தைப் பற்றி அவர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். அந்தச் சத்தத்தின் பின்னால் இந்தச் சிரட்டை ஒளிந்திருந்ததை எவர் அறிவார்?

சற்று நேரத்தின் பின் உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்து, மட்டக்களப்பிலே இருந்த தங்கையை அழைத்தார். சுகம் விசாரித்தார். பின்னர், மூதூரிலே அந்த மாமி வீட்டில் இருந்தது நினைவிருக்கிறதா, கஞ்சி குடித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டார். மறுமுனையில் அத்தை சிரிப்பது எனக்கும் கேட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

“அவளுக்கு ஒண்டும் நினைவில்லையாம்” என்றார். “அண்ணை என்னை முதுகில தூக்கிக்கொண்டு திரிஞ்சது மட்டும் நினைவாம்.”

பெரியப்பா 2019 இல் காலமானார். 2024 செப்டெம்பர் முதல் இப்படம் நெற்பிளிக்ஸ் வாயிலாக யப்பானுக்கு வெளியேயுள்ள பல நாடுகளிலும் வீட்டிலிருந்தே பார்க்கத்தக்கதாயிற்று. 89 நிமிடம் ஓடும் படம். ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: சித்திரப் படம்தானே என்று சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தனியே இதன்முன் இருத்திவிடாதீர்கள். வளர்ந்த மாணவருக்குக் காட்டுங்கள்; காட்டியபின் அவர்களைப் பேசவிடுங்கள். வீட்டிலே முதியவர் எவரேனும் இருந்தால் அவரையும் அழைத்து அருகில் இருத்துங்கள். படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டுவிட வேண்டாம். அவர் சொல்வதற்கு ஏதேனும் இருக்கலாம்.